பின்னணி என்பது அணிகலன் அன்று

'பின்னணி' என்னும் சொல்லில் உள்ள 'அணி', வரிசை என்னும் பொருளைத் தருவது. முன்னணிக்கு எதிராக, பின்னால் நிற்கும் வரிசையையே அச்சொல் குறிக்கிறது. ஆடை அலங்கார ஒளிப்படத் துறையோ அந்த 'அணி'யை அணிகலனாகவே கொண்டுவிட்டது எனலாம். ஆடை உடுத்தியவருக்குப் பின்னால் இருக்கும் இடமும் அவர் பூண்ட நகைகளுள் ஒன்றாகிவிடுகிறது.

தில்லியின் லோதி தோட்டம் இதற்குத் தக்க சான்று. பழைய குவிமாடங்கள், புல்வெளி, மரநிழல் ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்துள் அடங்குவதால், ஆடை விளம்பரங்களுக்கும் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புகளுக்கும் அது விருப்பமான இடம். கட்டடக் கலையும் இயற்கையும் இயல்பாகவே கலந்த நிலம் என்னும் தோற்றமே அதன் கவர்ச்சி.

அத்தோற்றம் உண்மையன்று. சையது மரபைச் சேர்ந்த முகம்மது ஷாவின் கல்லறை மாடம் 1444ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிக்கந்தர் லோதியின் கல்லறை 1517ஆம் ஆண்டுக்குரியது. பிற்காலத்தில் இவற்றைச் சூழ்ந்திருந்தது பூங்கா அன்று, கைர்பூர் என்னும் ஊர். ஆங்கில அரசு அவ்வூர் மக்களை வேறிடத்துக்கு அகற்றிவிட்டு, 1936இல் அங்கே பூங்கா அமைத்து, வைஸ்ராயின் மனைவி வில்லிங்டன் சீமாட்டியின் பெயரைச் சூட்டியது. விடுதலைக்குப் பின் பெயர் மாறியது. 1968இல் ஜோசப் ஆலன் ஸ்டைனும் காரெட் எக்போவும் தோட்டத்தை மறுவடிவமைத்தனர். ஆகவே, படத்தில் 'இயற்கை'யாகத் தெரிவது கட்டடங்களைவிட நானூறு ஆண்டுகளுக்கு மேல் இளையது; அதுவும் மனிதர் வரைந்த திட்டமே.

இடத்தை அணிகலனாக்காத ஆடைப்படமும் உண்டு. 1941இல், குண்டுவீச்சில் சிதைந்த லண்டன் மிடில் டெம்பிள் வளாகத்தில், நேர்த்தியான உடையணிந்த ஒரு பெண்ணை 'வோக்' இதழுக்காகப் படமெடுத்தார் செசில் பீட்டன். அந்தக் குண்டுவீச்சினூடே வாழ்ந்த வாசகருக்கு இடிபாடு வெறும் அழகுப்பொருளாகத் தோன்றியிருக்க முடியாது. அங்கே உடை எழுவாய் என்றால் இடம் பயனிலை. ஒன்றின்றி மற்றொன்று பொருள் தராது. லோதி தோட்டத்துப் படங்களில் இடம் பெரும்பாலும் வெறும் அடைமொழி. நீக்கினாலும் தொடர் சிதையாது.

வணிகப் படம் வரலாறு கற்பிக்க வேண்டுமா என்னும் வினா எழலாம். அந்த வினாவில் நியாயம் உண்டு. படமெடுப்பதும் குற்றமன்று, பொதுப் பூங்கா எல்லோருக்கும் உரியது. ஆனால் இத்துறை பெயர் சொல்லத் தயங்கும் துறையன்று. ஆடை, காலணி, நகை, ஒப்பனை, சிகையலங்காரம் என ஒவ்வொன்றுக்கும் உரியவரைப் படவிளக்கம் முறையாகக் குறிப்பிடுகிறது. 'பாரம்பரியச் சூழல்' என்னும் பொதுப்பெயருக்குள் மறைந்துபோவது இடம் மட்டுமே.

இதற்கான தீர்வு எளியது. கல்லறை எவருடையது, எந்த ஆண்டினது, தோட்டம் எப்போது எவரால் அமைக்கப்பட்டது, அதற்குமுன் அங்கே என்ன இருந்தது என்பவற்றை ஓரிரு வரிகளில் சேர்த்தால் போதும். ஆடை வடிவமைப்பும் ஊடகவியலும் பயிற்றும் துறைகள், மாணவரின் படத்தொகுப்போடு இப்படவிளக்கத்தையும் மதிப்பிடத் தொடங்கலாம். காலணி தைத்தவரின் பெயருக்கு இடமுள்ள பக்கத்தில் 'கைர்பூர்' என்னும் ஒரு சொல்லுக்கும் இடமிருக்கும்.