‘நான் தோக்கல்ல மச்சான்’

நற்பிட்டிமுனையில் என்ட கூட்டாளி ஒருத்தன் இரவிரவா போனில் போக்கர் விளையாடுறான். காசு வெச்சுத்தான். அவன்ட உம்மாட காப்பு இப்ப அடகில் கிடக்கு. போன மாசம் என்னிடம் ஒரு வரைபைக் காட்டினான். அதில் ரெண்டு கோடு. ஒன்று, உண்மையில் கைக்கு வந்த காசு. அது கீழே விழுந்து கிடந்தது. மற்றது, ‘அதிர்ஷ்டத்தைக் கழித்த’ வருமானம்; அது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“பாரு, நான் தோக்கல்ல மச்சான். லக்தான் இல்ல” என்றான்.

அந்த மேல்கோட்டோடுதான் என் சண்டை.

அது எப்படி வருகிறது? உங்களிடம் ரெண்டு ஏஸ், எதிராளியிடம் ரெண்டு கிங். மேசையில் ஒரு கார்டும் விரிக்க முதலே ரெண்டு பேரும் கையில் இருந்த 1000 ரூபாயையும் வெச்சிட்டீங்க. இனி யாருக்கும் செய்ய ஒன்றுமில்லை. இந்த நிலையில் ஏஸ் 100க்கு 82 தடவை அளவில் வெல்லும். அப்ப 2000 ரூபாயில் உங்கள் பங்கு 1640. போட்ட 1000ஐக் கழித்தால் 640 லாபம். கடைசியில் ஒரு கிங் விழுந்து நீங்க தோற்றாலும் மேல்கோடு +640 என்றுதான் எழுதும். கீழ்க்கோடு −1000 என்று எழுதும்.

கணக்கு சரி. நாம வாசிக்கிற விதம்தான் பிழை.

அது கழிப்பது ஒரேயொரு அதிர்ஷ்டத்தை: எல்லாக் காசும் உள்ளே போன பிறகு விழுகிற கார்டை. உங்களுக்கு ஏஸ் வந்ததும், அதே ஆட்டத்தில் அவனுக்கு கிங் வந்ததும் அதிர்ஷ்டம் இல்லையா? கிங் வைத்திருந்தவனுக்கு மேல்கோடு −640 எழுதுமே, அவன் விட்ட பிழை என்ன? அவன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எல்லாக் காசையும் வைக்காமல் முடிகிற ஆட்டங்களில் இந்தக் கோடு எதையும் திருத்துவதேயில்லை.

அடுத்தது, எத்தனை ஆட்டம்? 100 ஆட்டத்துக்குச் சராசரியாக 5 கட்டாயப் பந்தயம் வெல்கிறவன் நல்ல ஆட்டக்காரன். ஆனால் 100 ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் 80, 100 என்று இருக்கும். 10,000 ஆட்டம் ஆடிய பிறகும் அந்தச் சராசரி 8, 10 அளவில் அங்கும் இங்கும் ஆடும். அந்த ஆட்டத்துக்குள் 5 எங்கே தெரியப் போகுது? மேல்கோடு இதைக் கொஞ்சம் குறைக்கும், இல்லாமலாக்காது.

பிறகு கமிஷன். 5 வீதம் என்று வையுங்க. அந்த 2000 ரூபாய் 1900 ஆகிவிடும். சமமான திறமையுள்ள ரெண்டு பேர் வருஷக்கணக்கா ஆடினால் ரெண்டு பேருமே தோற்பார்கள். கம்பெனி மட்டும் தோற்காது.

போக்கரில் திறமையே இல்லை என்று நான் சொல்ல வரல்ல. இருக்கு. அதை வைத்துத்தான் கம்பெனிகள் தமிழ்நாட்டில் வழக்காடின. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022இல் அங்கு தடைச்சட்டம் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றைத் தடையிலிருந்து எடுத்துவிட்டது. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடுகிற ஒன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. ஆட்டத்தில் திறமை இருக்கு என்பது ஒன்று, ஆடுகிறவனிடம் அது இருக்கு என்பது வேறொன்று. இது ரெண்டையும் ஒன்றாக்கித்தான் பொடியன்மாரிடம் விற்கிறார்கள்.

நம்ம ஊரில் ‘ஹராம்’ என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம். என் கூட்டாளியும் ஜும்ஆவில் பயான் கேட்டு வளர்ந்தவன்தான். “இது சூதில்ல, ஸ்கில்” என்று அவன் சொல்லும்போது நம்மிடம் பதில் இல்லை. அவனுக்கு அவன்ட கணக்கிலேயே பதில் சொல்லத் தெரியணும்.

யாராவது மேல்கோட்டைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்க. எத்தனை ஆட்டம்? கமிஷனா எவ்வளவு போனது? நீ போட்டது எவ்வளவு, வெளியே எடுத்தது எவ்வளவு?

நான் கேட்டேன். முதல் ரெண்டுக்கும் அவன் ஏதோ சொன்னான். மூன்றாவதுக்குப் போனைக் கவிழ்த்து வெச்சிட்டான்.