ஒலிப்பதிவுப் பகுதி: முன்னமைப்புகளைப் பேணும் முறை

சென்ற இதழில், வீட்டிலேயே குரலைப் பதிவு செய்ய ஏற்ற ஒலிவாங்கியைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைக் கண்ட அன்பர் சிலர், "பதிவு செய்தாகிவிட்டது, மென்பொருளில் உள்ள குமிழ்களையெல்லாம் திருகி ஒருவாறு குரலைச் சீர்ப்படுத்தியும் விட்டோம், அடுத்த ஞாயிறு அமர்ந்தால் அதே நிலை கிடைப்பதில்லையே, என் செய்வது?" என்று வினவியிருக்கின்றனர். நல்ல வினா. இதற்கு விடை கூறும் தகுதி நமக்கு வந்தது படிப்பினால் அன்று. நாமே செய்த ஒரு பிழையினால். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

ரீப்பர், ஆடாசிட்டி முதலிய ஒலிப்பதிவு மென்பொருள்களில் 'பிளக்-இன்' எனப்படும் துணைக்கருவிகள் உண்டு. ஒன்று அடித்தொண்டை இரைச்சலை அறுக்கும். ஒன்று உரத்த குரலையும் மெல்லிய குரலையும் சமன் செய்யும். மற்றொன்று, 'கேட்' என்பது, குரல் இல்லாத இடங்களில் கதவைச் சாத்துவது போல ஒலியை அடைத்துவிடும். இவை ஒவ்வொன்றிலும் ஐந்தாறு எண்களை நாம் அமைக்க வேண்டும். அவ்வெண்களைத் தொகுத்து ஒரு பெயரிட்டுச் சேமித்தால் அதுவே 'பிரீசெட்'. இப்பகுதியில் அதனை முன்னமைப்பு என்றே வழங்குவோம்.

இவ்வசதி ஒரு காலத்தில் இருந்ததில்லை. மின்னணு இசைக்கருவி வாசித்தோர் நல்லதொரு ஒலியைக் கண்டால், குமிழ்கள் நின்ற நிலையைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, மறுமுறை அத்தாளைப் பார்த்துத் திருகினர். 1978-இல் அமெரிக்காவில் டேவ் ஸ்மித் என்பாரின் நிறுவனம் வெளியிட்ட புராஃபெட்-5 என்னும் கருவி, 40 ஒலியமைப்புகளைத் தன் நினைவிலேயே வைத்துக்கொண்டு, ஒரு பொத்தானை அழுத்தியதும் தந்தது. 1996-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்னும் பிளக்-இன் முறையைக் கொண்டுவந்தபின், அவ்வசதி கணினி வைத்திருக்கும் எவர் வீட்டிற்கும் வந்து சேர்ந்தது. தாளில் வரைந்த பழைய வழக்கத்தை நாம் இகழ மாட்டோம். ஏன் என்பது கீழே விளங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். நாம் அமைத்த எண்கள் எங்கே இருக்கின்றன? ரீப்பரை எடுத்துக்கொள்வோம். ஒரு பாட்டின் வேலையைச் சேமிக்கும்போது, அப்பாட்டில் உள்ள பிளக்-இன்களின் எண்களும் அவ்வேலைக் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். அதற்கு முன்னமைப்பு வேண்டியதே இல்லை. முன்னமைப்பு என்பது வேறிடத்தில், மென்பொருளின் சொந்தக் கோப்புறையில் இருப்பது. ஒரு பாட்டில் கண்டதை மற்றொரு பாட்டிற்கு எடுத்துச் செல்வதற்கே அது பயன்படும். ஆகவே, 'குரல்' என்னும் முன்னமைப்பை இன்று மாற்றி அதே பெயரில் சேமித்தால், சென்ற ஆண்டுப் பாட்டுகள் எல்லாம் மாறிவிடும் என்று அஞ்ச வேண்டா. அவை பழைய எண்களோடே இருக்கும். அவ்வாறே, வேலைக் கோப்பை நண்பருக்கு அனுப்பினால் நம் முன்னமைப்புப் பட்டியலும் உடன் செல்லும் என்று எதிர்பார்க்கவும் வேண்டா. அந்தப் பிளக்-இன் அவர் கணினியில் இருந்தால் பாட்டு சரியாக ஒலிக்கும். பட்டியல் மட்டும் வெறுமையாகத் தோன்றும்.

இனி, நம் பிழை. 2021-ஆம் ஆண்டு, நம் குடியிருப்பில் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். தாலாட்டு பாடுவதில் வல்லவர். ஒரு ஞாயிறு பிற்பகல் நான்கு நிமிடத் தாலாட்டு ஒன்றைப் பாடித் தந்தார். அதற்கு முந்தைய வாரந்தான், ஒரு சிறுவன் பேச்சுப்போட்டிக்காக உரத்துப் பேசியதைப் பதிவு செய்து, அதற்குக் கதவு முதலியவற்றை அமைத்து, 'நல்ல குரல்' என்று பெயரிட்டுச் சேமித்து வைத்திருந்தோம். அம்முன்னமைப்பையே ஆச்சியின் குரலுக்கும் இட்டோம். முதல் இரண்டு அடிகளைக் கேட்டோம். விசிறியின் இரைச்சல் அடியோடு ஒழிந்திருந்தது. மகிழ்ந்தோம். மாறுபட்ட ஒலியையே கோப்பாக்கிக் கொடுத்துவிட்டு, இடத்தை மிச்சப்படுத்த மூலப் பதிவை அழித்தோம்.

மறுநாள் அவர் மகள் வந்து, "தம்பி, அம்மா ஒவ்வொரு அடி முடிவுலயும் இழுப்பாங்களே, அது எங்க போச்சு?" என்றார்.

கேட்டுப் பார்த்தோம். உண்மைதான். சிறுவன் ஒலிவாங்கிக்கு நான்கு விரல் அருகில் நின்று பேசியவன். அவன் குரல் உச்சத்தில் மைனஸ் 8 டெசிபெல் வரை எழுந்தது. எனவே மைனஸ் 36-க்குக் கீழே வருவதெல்லாம் இரைச்சலே என்று கதவுக்குக் கட்டளையிட்டிருந்தோம். ஆச்சியோ முழங்கால் வலியால் நாற்காலியில் சாய்ந்து, ஒரு முழத்திற்கு அப்பாலிருந்து பாடினார். அவர் குரலின் உச்சமே மைனஸ் 22-தான். அடியின் இறுதியில் குழந்தை உறங்கும்பொருட்டுத் தேய்த்துத் தேய்த்து இழுத்த ஒலி மைனஸ் 40-இல் இறங்கியது. கதவு அதனையும் விசிறியொலி என்றே கொண்டு அடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆச்சி ஊரில் காலமானார். அழித்த மூலக் கோப்பின் அளவைப் பின்னர்க் கணக்கிட்டோம்: 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒற்றைத் தடப் பதிவு நிமிடத்திற்கு 8.64 மெகாபைட், நான்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 35 மெகாபைட். இந்த இடத்திற்காகத்தான் அழித்தோம்.

முன்னமைப்பு குற்றவாளி அன்று. அது நாம் கொடுத்த எண்ணை அப்படியே திருப்பித் தந்தது. எதிரே வரும் ஒலியின் அளவு அதற்குத் தெரியாது. சுருதிப்பெட்டியை அறிந்தவர்க்கு இது புதிதன்று: ஆண்கள் ஒரு கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவது வழக்கம், முன்னவர் பாடி முடித்த பெட்டியைத் திருத்தாமல் பின்னவர் பாடத் தொடங்குவாரா? ஆகவே கதவு, சமன் செய்யும் கம்பிரசர் ஆகிய இரண்டிலும், முன்னமைப்பை இட்டவுடன் 'திரெஷோல்டு' என்னும் எல்லை எண்ணை மட்டும் அந்தந்தக் குரலுக்கேற்ப மீண்டும் அமைக்க வேண்டும். பாட்டின் மிக மெல்லிய இடத்தைத் தேடிப் பிடித்து, அவ்விடத்தைக் கேட்டே அமைக்க வேண்டும்; முதல் இரண்டு அடியைக் கேட்டு அன்று. எல்லையற்ற பொறுமை வேண்டும் என்பதில்லை. இரண்டு நிமிட வேலைதான்.

அடித்தொண்டை அறுக்கும் வடிகட்டி அவ்வளவு தொல்லை தருவதில்லை. மும்பையில் நம்மவர் வீடுகள் பல இருப்புப்பாதையை அடுத்தே இருப்பதால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறுக்கும் ஒரே முன்னமைப்பைப் பெரும்பாலும் எல்லாக் குரலுக்கும் இடலாம். விசிறி இரைச்சலின் சாயலை எடுத்து அதனைக் கழிக்கும் கருவிக்கு மட்டும் முன்னமைப்பே வைத்துக்கொள்ளாதீர்கள். அது அந்த அறைக்கும் அந்த விசிறிக்கும் மட்டும் உரியது. நாள்தோறும் புதிதாக எடுக்க வேண்டுவது.

மென்பொருளோடு வரும் ஆயத்த முன்னமைப்புகளைப் பற்றி ஒரு சொல். இட்டவுடன் பாட்டு சிறந்துவிட்டது போல் தோன்றும். பெரும்பாலும் அது ஒலி உரத்ததனால் வரும் மயக்கம். முன்னும் பின்னும் ஒரே உரப்பில் வைத்து ஒப்பிட்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

பெயரிடுவதில் நம் பட்டியலை அன்பர்கள் கண்டால் நகைப்பர்: 'குரல்', 'குரல் புதிது', 'குரல் கடைசி', 'குரல் மெய்யாகவே கடைசி'. இப்போது, பாடுபவர் ஆணா பெண்ணா, எந்த ஒலிவாங்கி, எத்தனை விரல் தூரம், உச்சம் எத்தனை டெசிபெல் என்பவற்றைப் பெயரிலேயே எழுதுகிறோம். பெயர் நீளமாகத்தான் இருக்கிறது. ரீப்பரில் வேலைக் கோப்போடு குறிப்பெழுத ஓரிடம் உண்டு. ஏன் அவ்வெண்ணை இட்டோம் என்பதை அங்கே எழுதுகிறோம். அலுவலகத்தில் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது பின்வருபவர்க்கு எழுதிவைக்கும் குறிப்பைப் போன்றது இது. ஓராண்டு கழித்து வரும் நாமும் நமக்கு அயலாரே.

கணினியைப் புதுப்பித்துச் சுத்தம் செய்ய நேர்ந்தால் முன்னமைப்புகள் மறைந்துவிடும். ரீப்பரில் முன்னமைப்புப் பெட்டியின் அருகே உள்ள கூட்டல் குறியை அழுத்தினால், ஒரு பிளக்-இன்னின் முன்னமைப்புகள் முழுவதையும் ஒரே நூலகக் கோப்பாக வெளியே எடுக்கலாம். ஆடாசிட்டியிலும் முன்னமைப்புகளை ஏற்றுமதி செய்யவும் இறக்குமதி செய்யவும் வசதி உண்டு. அக்கோப்புகள் மிகச் சிறியவை. மூலப் பதிவையும், எண்கள் எழுதிய குறிப்பையும், இக்கோப்புகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, வேறொரு வன்தட்டிலும் படியெடுத்து வையுங்கள். பிளக்-இன் ஒருநாள் கிடைக்காமற் போனாலும், குறிப்பில் உள்ள எண்களைக் கொண்டு வேறொரு கருவியில் ஏறத்தாழ அதே நிலையைப் பெறலாம். தாளில் வரைந்தவர்களை இகழ மாட்டோம் என்றது இதனால்தான்.

ஆச்சியின் மகள் சென்ற மாதம் நம்மைக் கண்டார். ஊரில் ஒரு தொட்டில் இடும் விழாவில் உறவினர் ஒருவர் கைபேசியில் அதே தாலாட்டைப் பிடித்து வைத்திருப்பதாகத் தெரிகிறதாம். பின்னணியில் மேளமும் பாத்திர ஒலியும் இருக்குமாம். கிடைத்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். வந்தால் கதவு இடாமலே கேட்போம்.