சுமைக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டியா?

சுமை ஏற்ற ஒரு வண்டியும் குடும்பம் செல்ல மற்றொரு வண்டியும் வைத்துக்கொள்ளச் சக்தியில்லாத அங்கத்தினர் பலர், முன்னே ஐந்து பேர் அமர இரண்டு வரிசை இருக்கையும் பின்னே சரக்குத் தொட்டியும் கொண்ட பிக்கப் வண்டியை இப்பொழுது நாடுகின்றனர். வாரத்துக்கு ஒரு நாள் சந்தைக்கு மூட்டை, மாதத்துக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி, ஆண்டுக்கு இரு முறை குலதெய்வக் கோயில், இத்தனைக்கும் ஒரே வண்டி போதுமே என்பது அவர்களுடைய வாதம். இந்த ஆசை நியாயமானதே. ஆயினும் கடன் பெற்று வாங்கும் வண்டியின் தவணை பல ஆண்டுகள் குடும்பத்தின் தலைமேல் நிற்கும். ஆகவே நமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். வாராவாரம் பாரமுள்ள விவசாயிக்கு இவ்வகை வண்டி ஏற்றது. வீட்டில் தறி வைத்திருக்கும் நெசவாளருக்கு ஏற்றதன்று. பதிவையும் இன்ஷூரன்ஸையும் ஆராயாமல் இருவருமே வாங்கலாகாது.

இவ்வண்டிகள் பார்வைக்கு ஓரினமாயினும் குணத்தால் இரண்டினம். மகிந்திரா பொலேரோ கேம்பர் போன்றது உழைப்புக்கென்றே செய்யப்பட்ட சரக்கு வண்டி. அதில் குடும்பமும் அமரலாம் என்பது உபரி வசதி. 2016-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த இசுசு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை பிரயாண சுகத்தை முன்னிறுத்தியவை; அவற்றில் தொட்டிதான் உபரி. விலையிலும் இவ்விரண்டுக்கும் பெரும் வித்தியாசம் உண்டு. எது பிரதானம், எது உபரி என்று தெரிந்துகொள்ளாமல் விளம்பரத்தைக் கண்டு மயங்குவோர் பின்னர் வருந்த நேரும்.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் வெற்று எடை, மொத்த எடை என இரண்டு எண்கள் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றத்தக்க பாரம். அதில் மனிதரின் எடையும் அடக்கம். இந்த வித்தியாசம் 1,000 கிலோ எனக் கொள்வோம். ஆளுக்கு 60 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் 300 கிலோ போய்விடும். மிஞ்சிய 700 கிலோவில், கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ நெல் சிப்பங்கள் 17 மட்டுமே ஏறும். வித்தியாசம் 500 கிலோவேயாயின், ஐவர் அமர்ந்தபின் ஐந்து சிப்பத்துக்குமேல் ஏற்றுவதற்கில்லை. தொட்டியின் நீளஅகலத்தைப் பார்த்துப் பாரத்தை மதிப்பிடுவது தவறு என்பது இதனால் விளங்கும்.

அடுத்து, இருக்கையையும் இடத்தையும் கவனிக்க வேண்டும். பாரம் தாங்கும் பட்டை வில்கள் வெற்று வண்டியில் குலுக்கலைக் கொடுக்கும். பின் வரிசையின் முதுகுச்சாய்வு பல வண்டிகளில் நேராக நிமிர்ந்திருக்கும். முதியவர்களைப் பின்னிருக்கையில் அமர்த்தி, தொட்டி வெறுமையாக இருக்கும்பொழுது ஒரு மணி நேரமாவது மேடுபள்ளமான சாலையில் ஓட்டிப் பார்த்தபின்னரே முன்பணம் கொடுப்பது விவேகம். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டும் ஐந்தேகால் மீட்டருக்கு மேல் நீளமுள்ளவை. நெசவாளர் தெருக்கள் பலவற்றில் அவற்றைத் திருப்புவதே பிரயாசை.

எல்லாவற்றிலும் முக்கியமானது சட்டமும் இன்ஷூரன்ஸும். சரக்கு வண்டியாகப் பதிவானதற்கு மஞ்சள் நம்பர் பலகை. அதற்குத் தகுதிச் சான்று வேண்டும். எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கெனப் பதிவான வெள்ளைப் பலகை வண்டிக்குப் பதினைந்து ஆண்டுகள் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தனியார் கார்களுக்குரிய வழக்கமான பாலிசி, வாடகை ஓட்டத்தை மட்டுமின்றிச் சரக்கு ஏற்றுவதையும் விலக்கிவிடுகிறது. சொந்தப் பிரயாண மூட்டைகளும் மாதிரிச் சரக்குகளுமே அதில் அனுமதி பெற்றவை. மஞ்சள் மூட்டையுடன் சந்தைக்குச் செல்லும் வழியில் விபத்து நேர்ந்தால், அந்த ஒரு வரி குடும்பத்தையே தெருவில் நிறுத்திவிடக்கூடும்.

மஞ்சள் பலகை வண்டியிலும் ஆபத்து உண்டு. சரக்குடன் செல்லும் சரக்கின் உடைமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்லும் மற்றவர்கள் விஷயத்தில், சட்டப்படியான கட்டாய இன்ஷூரன்ஸின்கீழ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று 2002-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எனவே இருக்கை இருக்கிறது என்பதனாலேயே மனைவி மக்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதென்று எண்ணலாகாது. கட்டணம் செலுத்தாப் பயணிகளுக்காகத் தனிப் பிரீமியம் செலுத்தி, அந்தச் சேர்க்கை பாலிசியில் எழுத்தில் உள்ளதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்மொழி உறுதி கோர்ட்டில் நில்லாது. பின் தொட்டியிலோ எவரையும் ஏற்றவே கூடாது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் குழந்தைகளைத் தொட்டியில் நிறுத்திச் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அதனை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இனி நெசவாளர் நிலையைப் பார்ப்போம். நூல் பேல் ஒன்று நாற்பது கட்டு, ஏறக்குறைய 180 கிலோ. ஆனால் பேல் வந்து இறங்குவது சங்கத்தின் வாயிலில். ஒரு தறிக்காரர் வீட்டுக்குக் கொண்டு செல்வது பாவும் சில கட்டு ஊடை நூலுமே. அவர் நெய்து கொடுக்கும் சேலைகளுக்கு மொபெட்டின் பின்புறமே போதும். மேலும் திறந்த தொட்டியின் தூசியும் தூறலும் பட்டுக்கு ஆகா. நெசவாளர் கடன் வாங்கி ஒரு டன் வண்டியை வாசலில் நிறுத்துவதனால் தறி ஒரு முழம்கூட அதிகமாக ஓடாது.

அவருக்கு வேண்டியது சங்கத்தின் பொது வண்டி. தனி நெசவாளரால் சந்தையை எட்ட இயலாது என்று கண்டே 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. அந்தத் தத்துவம் வண்டிக்கும் பொருந்தும். கூடு போட்ட சிறு சரக்கு வண்டி ஒன்றைச் சங்கம் வாங்கி, நாள்முறை வைத்து, ஓட்டத்துக்கேற்பக் கட்டணம் வசூலிக்கலாம். ‘குட்டி யானை’ என்று நம் மக்கள் அழைக்கும் டாடா ஏஸ் போன்றதே இதற்குப் போதும். சிறு விவசாயிகளும் இதில் பங்கு கொள்ளலாம். குடும்பப் பிரயாணத்துக்கு வாடகைக் கார் இருக்கிறது. ஆண்டில் பத்து நாள் பிரயாணத்துக்காக முந்நூற்றறுபத்தைந்து நாளும் வட்டி கட்டுவது சிக்கனமாகாது.

வாரந்தோறும் பாரம் உள்ள விவசாயி தாராளமாக இரட்டை வரிசை வண்டி வாங்கட்டும். எடையைக் கழித்துப் பார்த்து, பாலிசியைப் படித்து வாங்கட்டும். மற்ற அங்கத்தினர் பொது வண்டி யோசனையை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.