எத்தனை பேர் துணை வேண்டும்?

முத்துக்குளித்துறையில் கல்லில் கால் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்தில் இறங்குகிறவனுடைய உயிர், மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில் இருந்தபடியால், அந்தக் கயிற்றை மைத்துனனிடம்தான் கொடுப்பார்கள் என்றும், உடன்பிறந்தாளின் தாலிக்குத் தீங்கு வர எந்தச் சகோதரனும் சம்மதிக்கமாட்டான் என்பதே அதற்குக் காரணம் என்றும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எல்லாத் தோணிகளிலும் அப்படியே நடந்ததா என்று சரித்திரக்காரர்கள் விசாரித்துக்கொள்ளட்டும். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழியோடு சேர்ந்து நிற்கும் அந்தக் கதையில் உள்ள விவேகம் மட்டும் பொய்யன்று. கடலுக்குள் இறங்குகிறவன் எத்தனை தேகபலம் படைத்தவனாயினும், பிறன் ஒருவனுடைய சகாயத்தை நம்பித்தான் இறங்குகிறான்.

முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு இறங்கும் இக்காலத்து ஸ்கூபாவிலும் இதே தர்மம்தான் நிலவுகிறது. உல்லாசத்துக்காக முக்குளிப்பவர் தனியே போகலாகாது, ஜோடியாகவே போக வேண்டும் என்பது அங்கே பாலபாடம். ஒருவருடைய சிலிண்டரில் காற்று தீர்ந்தால் மற்றவருடைய சிலிண்டரிலிருந்து மூச்சு வாங்கிக்கொள்வதற்காகவே உபரியாக ஒரு வாய்க்குழாய் தொங்குகிறது. நிலத்தின்மேல் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சுயசார்பு என்ற குணம், கடலுக்கடியில் மட்டும் போதுமானதாகக் கருதப்படுவதில்லை.

இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு ஒரு நல்ல காரியம் செய்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 1981-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஜிம் கடேக்கர் என்பவர் ஊனமுற்றோருக்கான ஸ்கூபா சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார். அந்தச் சங்கம், பயிற்சிக்கு வருகிறவருக்கு எந்த அங்கம் பழுது, வியாதியின் பெயர் என்ன என்பதைக் கொண்டு அவரைத் தரம் பிரிப்பதில்லை. தண்ணீருக்குள் அவருக்கு எவ்வளவு துணை வேண்டும் என்பதைக் கொண்டே பிரிக்கிறது. தம்மையும் காத்துக்கொண்டு, ஆபத்தில் சிக்கிய ஜோடிக்கும் உதவ வல்லவருக்கு ஒரு துணை போதும். பிறருக்கு உதவ இயலாதவருக்கு இரண்டு துணை. அவசர நேரத்தில் தம்மையே காத்துக்கொள்ள இயலாதவருக்கும் இரண்டு துணைதான். ஆனால் அவ்விருவரில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருத்தல் வேண்டும். ஆக, திடகாத்திரமான ஓர் இளைஞருக்கும், கழுத்துக்குக் கீழே அசைவு குன்றிய ஒருவருக்கும் கடலுக்கடியில் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், அது ஒரே ஓர் ஆள் என்று ஆகிறது!

இப்படித் துணையோடு முக்குளிப்பவர்கள் கோஷ்டியாகச் சேர்ந்து விடுமுறைப் பிரயாணம் போகும் இடங்களுள், கரீபியக் கடலில் நெதர்லாந்துக்கு உட்பட்ட பொனேர் தீவு பிரசித்தமானது. கிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்றைத் தீவே மறைத்துக்கொள்வதால் அதன் மேற்குக் கடல் பெரும்பாலும் அலையடங்கிக் கிடக்கிறது. 1979 முதல் கடற்பூங்காவாகக் காக்கப்பட்டுவரும் பவளத்திட்டு, கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது. முக்குளிக்கும் துறைகளுக்கு அடையாளமாக வழியோரத்தில் மஞ்சள் வர்ணம் பூசிய கற்கள் கிடக்கின்றன. ஆனால் கரையோரம் பல இடங்களில் பவளச் சல்லியாதலால் அங்கே சக்கர நாற்காலி உருளாது. படகுத்துறை வழியாகப் படகேறித்தான் போக வேண்டும்.

அப்படிப் புறப்படும் ஒரு காலை வேளையை மனக்கண்ணால் பார்ப்போம். முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப்போன ஒரு பெண்மணியை இருவர் நாற்காலியிலிருந்து தூக்கிப் படகில் உட்கார்த்துகிறார்கள். பலகையின்மேல் முன்கூட்டியே மெத்தை ஒன்று போடப்பட்டிருக்கிறது. ஏனென்றால், கட்டை உறுத்துவது அவருக்குத் தெரியாது, தெரியாத உறுத்தலோ ஆறாப் புண்ணாக மாறிவிடும். வெயில் சுடுகிற ஊராயினும் உடல் முழுவதையும் மூடும் ரப்பர் உடையை அணிவிக்கிறார்கள். தேகத்தின் உஷ்ணத்தைத் தானே சமன்செய்துகொள்ளும் சக்தி அவருக்குக் குறைவு. அதோடு, பவளம் கீறி ரத்தம் வந்தாலும் வலி தெரியாது. தசை கரைந்த கால்கள் தண்ணீரில் மேலே மிதந்து உடலைக் கவிழ்த்துவிடாதிருக்கும் பொருட்டு இரண்டு கணுக்கால்களிலும் சிறு ஈயக்கட்டிகளைக் கட்டுகிறார்கள். மூத்திரம் சேர்வதற்காக உடலோடு இணைத்த பை காலியாக இருக்கிறதா, அதில் காற்று ஏதும் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழத்தில் சுருங்கிய காற்று, மேலே வரும்போது விரியும் அல்லவா? இவ்வளவும் முடிந்தபின் அவர் படகின் விளிம்பில் அமர்ந்து, முகமூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்புறமாகச் சாய்ந்து கடலில் விழுகிறார்.

விழுந்த பிறகு, நிலத்தில் அவரை அழுத்தி வைத்திருந்த பாரம் இல்லை. ஆர்க்கிமிடீஸ் கண்டு சொன்ன தத்துவம் அவரையும் அவருடைய ஜோடியையும் ஒன்றுபோலவே தாங்குகிறது. கால் செய்ய வேண்டிய வேலையைக் கைகள் செய்கின்றன. பார்வையற்ற ஒருவர் தம் துணைவரின் கையழுத்தத்தைப் பாஷையாகக் கொண்டு, மேலே, கீழே, நில் என்ற செய்திகளைத் தெரிந்துகொண்டு நீந்துகிறார். காது கேளாதவர்களுடைய நிலைதான் எல்லாவற்றிலும் விசேஷமானது. பேச்செல்லாம் அடைபட்ட அந்த உலகத்தில் மற்றவர்கள் பத்துப் பதினைந்து சைகைகளை வைத்துக்கொண்டு திண்டாடும்போது, சைகை மொழியிலேயே வளர்ந்த இருவர், எதிரே போகும் ஆமையைப் பற்றிச் சாவகாசமாகச் சம்பாஷித்துக்கொண்டு போகிறார்கள். அங்கே ஊமைகள் யார்?

கடல் என்பது ஊனத்தைத் தீர்க்கும் தீர்த்தம் என்று இதைக்கொண்டு யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தப் பெண்மணி மேலே வந்து, தண்ணீரிலேயே உபகரணங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படகில் தூக்கி ஏற்றப்பட்ட மறுகணம், பழைய பாரம் வந்து ஏறிக்கொள்கிறது. விடுதி வாசலில் ஒரே ஒரு படி உயரமாக இருந்தாலும் அவருடைய பிரயாணம் அங்கேயே நின்றுவிடும். இதில் இயற்கை செய்தது பாதி. மெத்தையும், ஈயக்கட்டியும், பயின்ற இரண்டு கைகளும் செய்தது மற்றப் பாதி. இதைச் செயற்கரிய சாகசம் என்று பத்திரிகைகள் கொண்டாடுவதும், பாவம் என்று நாம் உச்சுக்கொட்டுவதும், அந்த இரண்டாவது பாதியை மறைத்துவிடுகிற வழிகளே.

ஆபத்து இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. முதுகுத்தண்டில் மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறக்கூடும். வைத்தியர் பரிசோதித்து வேண்டாம் என்று தடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பரிசோதித்துத் தடுப்பது வேறு, நாற்காலியைக் கண்ட மாத்திரத்தில் தடுப்பது வேறு. முன்னது வைத்தியம், பின்னது அவமதிப்பு.

இவர்கள் ஏன் தனிக் கோஷ்டியாகப் போக வேண்டும், எல்லோரோடும் கலந்து போகலாகாதா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. கலந்து போவதே லட்சியமாக இருக்கத் தகும். பார்வையற்றவரான திவ்யான்ஷு கணத்ரா புனே நகரில் நிறுவிய ஸ்தாபனம், மாற்றுத்திறனாளிகளையும் மற்றவர்களையும் ஒன்றாகச் சேர்த்தே சாகச விளையாட்டுகளில் ஈடுபடுத்துகிறது. ஆயினும் உலக அனுபவத்தையும் நாம் மறக்கலாகாது. சக்கர நாற்காலியில் ஒருவர் மட்டும் வந்து நின்றால் விடுதிக்காரர் வருத்தம் தெரிவிப்பார். பதினைந்து பேர் வருவதாகக் கடிதம் எழுதினால் தச்சனைக் கூப்பிட்டுச் சாய்தளம் அமைப்பார். அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் சாய்தளம் அங்கேதான் இருக்கும். அடுத்து வரும் ஒற்றைப் பிரயாணிக்கும், ஊன்றுகோலுடன் வரும் கிழவருக்கும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும் அது பயன்படும். செலவு மிகுந்த இந்த உல்லாசம் பணம் படைத்தவர்களுக்கே வாய்க்கிறது என்ற குறை மெய்தான். ஆனால் அது பிரயாணங்கள் யாவற்றுக்கும் உள்ள குறை.

நம் கடற்கரைக்கு வருவோம். 2022 நவம்பர் மாதம் சென்னை மெரினாவில், மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்காக 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். சில நாட்களுக்குள் மாண்டஸ் புயலில் அது சேதமுற்றுப் பிறகு செப்பனிடப்பட்டது. அதுவரை அந்த மணற்பரப்புக்கு அப்பால் இருந்த கடலைத் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தவர்கள் இந்நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்பதை நினைக்கும்போது, 263 மீட்டர் தூரத்தைக் கடக்க நமக்கு எத்தனை காலம் பிடித்தது என்று வெட்கம் உண்டாகிறது. பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் சமபங்கு பெறுவது ஓர் உரிமை என்று கூறும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007-இலேயே ஏற்றுக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதையே பேசுகிறது. சட்டம் இயற்றியவர்கள் உல்லாசத்தை உரிமை என்று எழுதியிருக்க, நாம்தான் அதை இன்னும் தயவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

படகு விடுவோருக்கும், விடுதி நடத்துவோருக்கும், சுற்றுலா அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டியது அதிகமில்லை. உங்களிடம் வருகிறவரைப் பார்த்து, 'உங்களால் முடியுமா?' என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். 'எத்தனை பேர் துணை வேண்டும்?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் பாரம் அவர்மீது விழுகிறது. இரண்டாவது கேள்விக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு உங்களுடையது.