விலைக்கு அப்பால்

“விளையாட்டு இன்று வணிகம்; அங்கே உணர்ச்சிக்கு இடமேது?” என்று ரசிகர்களை எள்ளுவோர் உளர். நாம் அதை ஏற்பதற்கில்லை.

2008 முதல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக ஆடியவர் சுரேஷ் ரெய்னா; ஐ.பி.எல். போட்டிகளில் 5,000 ஓட்டங்களை முதலில் எட்டியவரும் அவரே. 2021இல் அணி அவரைத் தக்கவைக்கவில்லை. 2022 பிப்ரவரி ஏலத்தில், ரூ.2 கோடி அடிப்படை விலைக்குச் சென்னை உட்பட எந்த அணியும் அவரைக் கேட்கவில்லை.

புதியவரைத் தேடும் உரிமை அணிக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால், திருவண்ணாமலையில் இன்றும் ‘சின்ன தல’ என்று ஏங்கும் இளைஞரைப் பேதையர் என்பது தகுமோ? பயன் தீர்ந்தபின்னும் ஒருவரை மறவாதிருப்பது பேதைமையன்று, நன்றியறிதல். விலைபோகாதவர் மதிப்பற்றவர் என்னும் சந்தைக் கணக்கு, நாளை நம் இல்லத்து முதியோரையும் அவ்வாறே எடைபோடும். பழிக்கத்தக்கது அந்தக் கணக்கே, இந்த ஏக்கமன்று.