அமீனா வந்த வீட்டில் ஒரு பாட்டு

1930 செப்டம்பர் 14 அன்று நடந்த ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில், அதுவரை 12 இடங்களே வைத்திருந்த நாஜிக் கட்சி 107 இடங்களைப் பிடித்தது. மறுநாள் பெர்லினின் குளோரியா பலாஸ்ட் அரங்கில் ‘டீ டிரை ஃபான் டேர் டாங்க்ஷ்டெல்லே’ வெளியானது. பெட்ரோல் பங்க் நடத்தும் மூன்று நண்பர்களின் கதை. வில்ஹெல்ம் தீலே இயக்கிய இசை நகைச்சுவைப் படம். வேலையில்லாதோர் எண்ணிக்கை சுமார் 30 லட்சமாக இருந்த அந்த நேரத்தில் மக்கள் திரண்டு வந்தார்கள். தயாரித்த ஊஃபா நிறுவனத்துக்கு அந்தப் பருவத்தின் மிகப் பெரிய வெற்றி இதுதான். நாடு விளிம்பில் நிற்கையில் மக்களுக்குத் தாலாட்டுப் பாடிய படம் என்ற குற்றச்சாட்டு அதைத் தொடர்ந்து வருகிறது. 1947இல் ஜெர்மன் சினிமாவின் உளவியலை ஆராய்ந்த சீக்ஃபிரீட் கிராக்கவரும் இதை ஒரு பகற்கனவாகவே கண்டார். இந்தத் தீர்ப்பு படத்துக்கு அநீதி செய்கிறது.

நெருக்கடியை மறக்கடிக்க வந்த படம், நெருக்கடியிலேயே ஏன் தொடங்க வேண்டும்? ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பும் மூவரும் அங்கே காண்பது ஜப்தி முத்திரை ஒட்டிய மேசை நாற்காலிகளை. அவர்கள் பணம் போட்டிருந்த வங்கி திவாலாகிவிட்டது. அமீனாவின் முன்னாலேயே அவர்கள் பாடுகிறார்கள். காரையும் விற்று, அந்தப் பணத்தில் சாலையோரம் பங்க் வைத்து, முறை போட்டு வேலை பார்க்கிறார்கள். இதையெல்லாம் பார்த்த ரசிகர்களுக்கு ஜப்தி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்து மாதம் கழித்து, 1931 ஜூலையில், டானாட் வங்கி நிஜமாகவே வீழ்ந்து நாட்டையே உலுக்கியது. பாடல்களை எழுதிய ராபர்ட் கில்பர்ட்டும் வறுமை அறியாத சொகுசுக் கவிஞர் அல்ல. ஹான்ஸ் ஐஸ்லரின் இசையில் எர்ன்ஸ்ட் புஷ் பாடிய, வேலையற்றோரின் புகழ்பெற்ற பாடலைப் புனைபெயரில் எழுதியவர் அவரே. ஒரு கையால் கோபத்தையும் மறு கையால் நட்பின் களிப்பையும் எழுதிய மனிதரிடம் மறதியை விற்றதாகக் குற்றம் காண்பது சரியல்ல.

முடிவு பொய்தானே என்று கேட்கலாம். பணக்காரத் தூதரின் மகளாக வரும் லிலியன் ஹார்வி ஒரு நிறுவனத்தையே உருவாக்கி, மூவரையும் அதன் பொறுப்பில் அமர்த்துகிறாள். நிஜத்தில் அப்படி யாரும் வந்து கைதூக்கிவிடவில்லை. உண்மைதான். ஆனால் அந்த முடிவைப் படமே மெய்யென்று நம்பச் சொல்லவில்லை. காதலர்கள் சேர்ந்ததும் திரைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள்; பார்வையாளர்கள் இன்னும் எழுந்து போகாததைக் கண்டு வியக்கிறார்கள்; இவர்கள் பிரம்மாண்டமான இறுதிக் காட்சிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அதையும் ஆடிக் காட்டுகிறார்கள். இது வெறும் ஆட்டம்தான் என்று ரசிகரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடும் படத்தை ஏமாற்று வேலை என்று எப்படிச் சொல்வது?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஊஃபா அப்போதே தேசியவாத முதலாளி ஹூகன்பெர்க்கின் கையில் இருந்தது; படத்தின் நாயகர்களில் வில்லி ஃபிரிட்ஷும் ஹைன்ஸ் ரூமானும் பின்னாளில் நாஜி ஆட்சியின் பொழுதுபோக்கு சினிமாவிலும் நட்சத்திரங்களாக நீடித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு விதை இங்கேதான் என்கிறார்கள். அவ்விருவரின் செயலுக்கு அவர்களே பொறுப்பு. அதே படத்தின் மற்றவர்களைப் பாருங்கள். 1933 மார்ச் இறுதியில் ஊஃபா தன் யூதக் கலைஞர்களைக் கைகழுவியது. தயாரிப்பாளர் எரிக் பொமர், இயக்குநர் தீலே, கில்பர்ட், மூன்றாவது நண்பனாக நடித்த ஆஸ்கர் கார்ல்வைஸ் எல்லோரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. வழக்கறிஞராக நடித்த குர்ட் கெரோன் 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். படம் 1937இல் தடை செய்யப்பட்டது. தடைக்குக் காரணம் கலைஞர்களின் பிறப்பு, படத்தின் கருத்து அல்ல என்று சொல்லலாம், அதை ஏற்கிறேன். ஆனால் நாஜிகளின் சிரிப்புக்கு முன்னோடி என்று இதை அழைப்பவர்கள், அந்தச் சிரிப்பை உண்டாக்கியவர்களில் இத்தனை பேரை நாஜிகளே விரட்டியதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். படத்தின் இசையமைப்பாளர் வெர்னர் ரிச்சர்ட் ஹைமனும் அப்படி விரட்டப்பட்டவரே. 1942இல் ஹிட்லரையும் அவருடைய படையையும் நேரடியாக நையாண்டி செய்து எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் ஹாலிவுட்டில் எடுத்த ‘டு பீ ஆர் நாட் டு பீ’ படத்துக்கு இசை தந்தவர் அவர்.