பதினோராம் வகுப்பில் ரஸாயனம்

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக்கு நடந்து வந்த பொதுப் பரீக்ஷை 2025-26 கல்வியாண்டு முதல் எடுபட்டது. 2025 ஆகஸ்டு 8-ந் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின் முக்கிய அம்சங்களில் இது ஒன்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷங்கள் இடைவிடாமல் பொதுப் பரீக்ஷை எழுதி வந்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல் என்பதில் ஆக்ஷேபமில்லை. நாமும் அதை வரவேற்கிறோம். ஆனால் பரீக்ஷையோடு பாடமும் போய்விடுமோ என்ற கவலை நமக்கு இருக்கிறது. எல்லாப் பாடங்களுக்கும் இக்கவலை பொருந்துமாயினும், ரஸாயன சாஸ்திரத்தைக் குறித்தே இன்று விசேஷமாக எழுத விரும்புகிறோம்.

இந்தக் கவலை வீண் சந்தேகமன்று. 1978-ல் மேல்நிலைப் படிப்பு ஏற்பட்ட பிறகு நெடுங்காலம் பதினோராம் வகுப்புக்குப் பொதுப் பரீக்ஷை கிடையாது. அதன் பயன் என்ன? அநேக தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷமும் உருப்போட வைத்தன. மதிப்பெண்கள் குவிந்தன, அஸ்திவாரம் மட்டும் இல்லை. இந்தத் தீமையைத் தடுப்பதற்காகவே 2017-ல் உத்தரவு பிறந்து, 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கு முதல் பொதுப் பரீக்ஷை நடந்தது. ஆனால் அந்த வருஷத்திலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்றும் முடிவாயிற்று. இருந்த காவலில் பாதி அன்றே தளர்ந்தது. மீதிப் பாதியும் இப்போது நீங்கியிருக்கிறது.

சரித்திரத்தில் ஓர் அத்தியாயத்தை விட்டு அடுத்ததைப் படிக்கலாம். ரஸாயனத்தில் அது நடவாது. மோல் கணக்கு, ஆக்ஸிஜனேற்றமும் ஒடுக்கமும், வாயுக்களின் விதிகள், வேதிச் சமநிலை ஆகியவை எல்லாம் பதினோராம் வகுப்புப் பாடங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் வரும் அயனிச் சமநிலை இந்தச் சமநிலையின் மேல் நிற்பது; மின்வேதியியல் ஆக்ஸிஜனேற்ற ஒடுக்கத்தின் மேல் நிற்பது. கீழ்ப்படி இல்லாதவன் மேல்படியில் நிற்பதுபோல் நடிக்கலாம்; அதாவது சூத்திரங்களை மனப்பாடம் செய்யலாம். இரண்டு வருஷம் ரஸாயனம் வாசித்த பிள்ளை ஒரு சிறு கணக்கில் திகைத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சாஸ்திரத்தால் நம் குடியானவனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்போர் உண்டு. தேனி ஜில்லாவில் மலையடிவாரத்திலுள்ள தேவாரத்தையும் அதைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கையும் அவர்கள் சற்றே பார்க்கட்டும். கம்பத்துப் பன்னீர் திராக்ஷைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திராக்ஷைக் கொடிக்குப் பெரிய சத்துரு பூஞ்சண நோய். அதற்கு மருந்தாகிய போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. பிரான்ஸ் தேசத்தில் வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் இந்தக் கலவையைத் தெளித்திருந்தார்கள். அக்கொடிகள் மட்டும் நோய்க்குத் தப்பியதை மில்லார்டே என்னும் பேராசிரியர் கவனித்து, ஆராய்ந்து, 1885-ல் உலகுக்கு அறிவித்தார்.

100 லிட்டர் ஜலத்துக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு என்பது வழக்கமான அளவு. மயில்துத்தக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. தனியே தெளித்தால் தளிர் கருகும். சுண்ணாம்பு அதை முறிக்கிறது. கலவை சரியாக அமைந்ததா என்று அறியத் தீட்டிய கத்தியை அதில் தோய்த்துப் பார்ப்பது வழக்கம். இரும்பின் மேல் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். இரும்பு செம்பைக் கரைசலிலிருந்து வெளியேற்றுகிறது. இதுவே ஆக்ஸிஜனேற்ற ஒடுக்கம். மோல் கணக்குப் போட்டால் 1 கிலோ மயில்துத்தம் சுமார் 4 மோல். 1 கிலோ நீற்றின சுண்ணாம்பு சுமார் பதின்மூன்றரை மோல். சுண்ணாம்பு வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் சில வேளை கத்தியில் செம்பு படிவானேன்? காற்றுப்பட்டுப் பழசான சுண்ணாம்பு கரியமில வாயுவை ஏற்று வீரியம் குன்றிவிடுகிறது. அளவு சரியாயிருந்தும் சரக்கு சரியில்லை. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளை தன் தகப்பனாரின் தோட்டத்தைக் காப்பான். கடைக்காரன் நீட்டும் டப்பாவிலுள்ளது இன்னதென்று கேட்கவும் துணிவான். இத்தனைக்கும் வேண்டிய அறிவு முழுவதும் பதினோராம் வகுப்புப் புஸ்தகத்தில் இருக்கிறது.

அந்தப் புஸ்தகத்தை மூடி வைத்தால் நஷ்டமடைபவர் யார்? பட்டணத்தில் வசதியுள்ளவர் பிள்ளைக்கு, வகுப்பில் விட்டதை மாலையில் தனிப்போதனை ஈடு செய்யும். தேவாரம் முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி, மலைக்கு அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் கூலிக்காரர் பிள்ளைக்கு யார் ஈடு செய்வார்? அப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றே கதி. வைத்தியக் கல்லூரிக்கான நீட் பரீக்ஷை இருக்கவேண்டுமா என்பது வேறு விவாதம். அது நடக்கிற வரையில் அதன் 180 வினாக்களில் 45 ரஸாயன வினாக்கள். இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் அவை வருகின்றன. பதினோராம் வகுப்பைப் பறிகொடுத்த ஏழைப் பிள்ளை அரைப் புஸ்தகத்தோடு அந்தப் போட்டியில் இறங்கவேண்டும்.

கிராமத்துப் பிள்ளைக்கு, அதிலும் தமிழில் படிப்பவனுக்கு, இந்தச் சாஸ்திரம் ஏறாது என்று சிலர் சொல்லுவர். இது சரித்திரம் அறியாத பேச்சு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்த டாக்டர் ஸாமுவேல் கிரீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் ரஸாயன நூல் 1875-ல் தமிழில் வந்தது. 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் சாஸ்திரச் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். பிற்பாடு ராஜாஜி சாமானியருக்காக 'திண்ணை ரஸாயனம்' எழுதினார். தமிழுக்குச் சக்தியில்லை என்பதை நாம் ஒப்போம். குறை கற்பிக்கும் முறையில் இருக்கிறது.

அப்படியானால் பொதுப் பரீக்ஷையைத் திரும்பக் கொண்டு வரலாமே என்பார்கள். அது நம் அபிப்பிராயமன்று. பரீக்ஷை புஸ்தகத்தைத் திறக்க வைத்தது உண்மை, விளங்கிக்கொள்ள வைத்ததா? ஒரு மதிப்பெண் வினாக்களைக் கைடிலிருந்து நெட்டுருப் போடும் வித்தையையே அது பெரிதும் வளர்த்தது. ரஸாயனத்துக்குள்ள 100 மதிப்பெண்ணில் செய்முறைக்கு 20 உண்டு. வருஷம் முழுவதும் பூட்டியிருந்த சோதனைச்சாலையைப் பரீக்ஷைக்குச் சில வாரங்கள் முன்பு திறந்து, அந்த 20-ஐயும் தாராளமாகப் போட்டுக் கொடுக்கும் பள்ளி இருந்தால், அந்த மதிப்பெண்ணால் பிள்ளைக்கு என்ன லாபம்? பரீக்ஷையின் பயமில்லாத ஒரு வருஷம் இப்போது கிடைத்திருக்கிறது. பியூரெட்டையும் பிப்பெட்டையும் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

ஆகையால் ஸர்க்காருக்கு நாம் சொல்வது இது. பதினோராம் வகுப்புப் பாடம் மாதந்தோறும் எவ்வளவு நடந்தது என்பதைப் பள்ளி வாசலிலேயே எழுதிப் போடச் செய்யவேண்டும். ஜூன் பிறக்குமுன் ரஸாயன உபாத்தியாயர் இல்லாத மேல்நிலைப் பள்ளி ஒன்றுகூட இருக்கலாகாது. பார்வையிட வரும் அதிகாரி தேர்ச்சிக் கணக்கைக் கேட்பதோடு, சோதனைச்சாலை எத்தனை நாள் திறந்திருந்தது என்பதையும் கேட்கவேண்டும். முதலாண்டுப் பாடத்தை அறியாமல் விடையளிக்க முடியாத சில வினாக்களைப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீக்ஷையில் வைக்கவேண்டும்.

ஸர்க்கார் செய்யட்டும் என்று நம்மவர் சும்மாயிருப்பதும் தகாது. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோருக்கு இடமிருக்கிறது. பொதுக்காரியத்தில் ஈடுபட்டுள்ள நேயர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் சென்று, பதினோராம் வகுப்பில் ரஸாயனப் புஸ்தகம் எந்தப் பாடத்தில் நிற்கிறது, சோதனைச்சாலை கடைசியாக என்றைக்குத் திறந்தது என்று இரண்டே கேள்விகள் கேட்கட்டும். தேவாரத்திலும் போடியிலும் உத்தமபாளையத்திலும் இக்கேள்விகளைக் கேட்கப் பத்துப் பேர் முன்வந்தால் அந்தப் புஸ்தகம் மூடியிருக்காது என்பது நமது திடமான நம்பிக்கை.